சீனா கடன் கொடுப்பது எதற்கு? சார் பதில் சொல்கிறார்

தே தாரிக் டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பினாங்கில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், பதில் கொஞ்சம் நீளும்.

செந்தூல் வாசகி: சார், மலேசியாவின் கிழக்குக்கரை ரயில் பாதையை, அந்த இசிஆர்எல்லை, சீனா நமக்கு இனாமாகவா போட்டுத் தருகிறது?

இனாமா! 85 விழுக்காடு சீன அரசின் எக்சிம் வங்கி கொடுத்த கடன், அம்மா. போடுவதும் சீனக் கம்பெனிதான், ஆக அவர்கள் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அவர்களிடமே திரும்பிப் போகிறது. முதலில் பேசிய விலை 6,550 கோடி ரிங்கிட். 2018இல் ஆட்சி மாறியதும் புதுப் பிரதமர் மகாதீர் வேலையை நிறுத்தினார், பேரம் நடந்தது, 2019 ஏப்ரலில் 4,400 கோடிக்கு இறங்கியது, கட்டுமானத்தில் 40 விழுக்காடு உள்ளூர்க் குத்தகையாளர்களுக்கு என்றும் ஆனது. சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவருக்குத் தெரியும், முதல் விலைக்குத் தலையாட்டுபவர் ஏமாளி. முதலில் தலையாட்டியது நம்மவர்கள்தானே?

பட்டர்வொர்த் தம்பி: இலங்கையில் கடனுக்காகத் துறைமுகத்தையே பிடுங்கிக்கொண்டார்களாமே?

எல்லாரும் சொல்கிற கதை, பாதிதான் சரி. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது உண்மை. ஆனால் அதில் வந்த சுமார் 112 கோடி டாலர் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. கடன் அப்படியே கொழும்பின் தலையில். 2022இல் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தபோது வெளிக்கடனில் பெரிய பங்கு சீனாவுடையதும் இல்லை, சர்வதேசச் சந்தையில் விற்ற பத்திரங்கள். அதற்காகச் சீனாவை உத்தமர் என்று சொல்லவில்லை, தம்பி.

பிரிக்பீல்ட்ஸ் மாணவர்: ஆப்பிரிக்காவில் அவர்களுக்கு என்ன லாபம்?

தாது, எண்ணெய் என்பீர்கள். அது பிறகு வந்தது, முதலில் ஐநா ஓட்டு. தான்சானியாவையும் சாம்பியாவையும் இணைக்கும் ரயிலுக்கு உலக வங்கியும் மேற்கு நாடுகளும் கையை விரித்தன, 1970இலிருந்து 75 வரை சீனா 1,860 கிலோமீட்டர் போட்டது, அதுவும் வட்டியில்லாக் கடனில், தானே ஏழையாக இருந்த காலத்தில்! நடுவில் 1971இல் ஐநாவில் தைவானை இறக்கிவிட்டுச் சீனா உட்கார்ந்தது, ஆதரித்த 76 வாக்குகளில் 26 ஆப்பிரிக்க நாடுகளுடையவை. அந்த நன்றிக்கணக்கு இன்னும் ஓடுகிறது. வருடம் பிறந்தால் சீன வெளியுறவு அமைச்சரின் முதல் பயணம் ஆப்பிரிக்காவுக்குத்தான், 1991இலிருந்து வழக்கம். உள்நாட்டு விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்பார்கள், ஆனால் தைவானைத் தனி நாடாக ஏற்கக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் இரும்பு. அங்கே இன்று தைவானோடு நிற்பது எஸ்வாத்தினி ஒன்றுதான்.

செந்தூல் வாசகி: இந்தியா இப்படியெல்லாம் செய்யாதே?

செய்யும், கை கொஞ்சம் சிறியது. 2022இல் இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் உதவி போனதே, பக்கத்து வீட்டுக்காரர் சும்மாவா கொடுப்பார்?