இடைக்கால இங்கிலாந்தில் பலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. பிறகு அரசாங்கம் எப்படி வரிக்கணக்கு வைத்தது? எல்லாம் குத்துமதிப்புதானா?

குத்துமதிப்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கல்லூரி மாணவராக இருப்பீர்கள், தேர்வுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வரலாற்று வாத்தியார் இல்லை. முப்பத்தோரு வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன்.

1984இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேஷ் புக்கில் 5,640 என்பதை 5,460 என்று எழுதிவிட்டேன். பயம். பாதி பிளேடால் அந்த இரண்டு எண்களையும் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, சரியான தொகையை எழுதினேன். நமக்குத் தெரிந்த கைவேலை அவ்வளவுதான். ஆடிட்டர் அந்தத் தாளை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. “சுரண்டினது நீயா, உனக்கு முன்னாடி இருந்தவனா?” என்றார். ஆறு மாதம் இன்கிரிமென்ட் போச்சு. தப்பை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ரிட்டயர் ஆன பிறகு படிக்கிறேன், இதே விதி 12ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது! இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170களின் கடைசியில் எக்ஸ்செக்கர் என்ற கணக்குச் சபையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாணவன் கேட்கிறான், ஆசிரியர் சொல்கிறார். இந்தத் தளம் மாதிரியே. பைப் ரோல் எனப்படும் ஆண்டுக் கணக்குச் சுருளில் எழுத்தர் எதையும் சுரண்டக் கூடாது, மெல்லிய கோடு இழுத்துவிட்டுத் தொடர்ந்து சரியானதை எழுத வேண்டும் என்கிறார். சுருளுக்கு ஆட்டுத்தோல்தான். அதில் சுரண்டினால் தடம் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். எனக்கு அப்படியே அந்த டியூப்லைட் ஞாபகம் வந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாவட்ட வசூல் பொறுப்பு ஷெரீஃபுக்கு. ஈஸ்டருக்கு ஒரு பகுதி கட்டுவார், செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸுக்கு முழுக் கணக்கு ஒப்பிப்பார். கட்டம் போட்ட துணி விரித்த மேஜையில் பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று பத்தி பத்தியாகக் காய்களை வைத்துக் கூட்டிக் கழிப்பார்கள். படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்செக்கர் என்ற பெயரே அந்தச் சதுரங்கக் கட்டத்திலிருந்து வந்ததுதான்.

கட்டிய பணத்துக்கு ரசீது, ஒரு மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு, பென்னிக்கு வெறும் கீறல். அப்புறம் குச்சியை நீளவாக்கில் பிளந்து, கட்டியவருக்கு ஒரு பாதி, சபைக்கு ஒரு பாதி. இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். அந்தக் குச்சிக்குப் பெயர் டேலி. “கணக்கு டேலி ஆச்சா?” என்று நாம் கேட்கிறோமே, அதே டேலிதான்.

வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறேன் என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். அங்கேயும் ஷெரீஃபுகள் சுருட்டினார்கள். 1170இல் விசாரணை நடத்தி ஹென்றி பெரும்பாலானவர்களை நீக்கினார். யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை, சுருளைப் பத்திரமாக வைத்தார்கள் என்கிறேன். 1130ஆம் வருடத்துச் சுருள் ஒன்று இன்றும் இருக்கிறது. 1156 முதல் 1832 வரை ஏறக்குறைய அறுபடாமல் கிடைக்கின்றன.

இதைச் சொல்லும்போது வயிறு எரிகிறது. என் சர்வீஸ் புக் 2015இல் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போன வழியில் காணாமல் போய்விட்டது. பென்ஷன் நிலுவைக்காக இன்னும் அலைகிறேன். போன மாதம் போனபோது கவுன்ட்டரில் இருந்த பையன், “நீங்களாவது ஒரு காப்பி வச்சிருக்கக் கூடாதா சார்?” என்றான்.