பொத்தானுக்கும் பேட்டன்டா?

(கல்லடியில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்துகொடுக்கும் புரோகிராமர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நாங்கள் கைத்தறிச் சாரமும் சேலையும் நெய்கிற குடும்பம். ஏ.எல். முடித்த கையோடு விற்பனைக்கு நானே ஒரு வெப்சைட் எழுதினேன். முன்பு வாங்கியவர் திரும்பி வந்தால் ஒரே தட்டில் ஓடர் போய்விடும். "அது அமேசானின் பேட்டன்ட், வழக்குப் போடுவான்" என்று நண்பன் பயமுறுத்துகிறான். எடுத்துவிடவா?
— ஒரு வாசகர், மருதமுனை

எடுக்க வேண்டாம் தம்பி. நண்பன் சொன்ன கதை உண்மை, காலம்தான் பிழை. அமேசான் 1997 செப்டம்பரில் விண்ணப்பித்து, 1999 செப்டம்பரில் அமெரிக்காவில் அந்தப் பேட்டன்டை, அதாவது தன் அனுமதியில்லாமல் மற்றவர் பாவிக்க முடியாதபடி தரும் கண்டுபிடிப்பு உரிமையை, பெற்றது. மை காயுமுன், அடுத்த மாதமே, பார்ன்ஸ் அன்ட் நோபிள் புத்தகக் கடையின் மேல் வழக்கு. நத்தார் வியாபாரம் சூடுபிடிக்கும் டிசம்பரில் தடையுத்தரவும் வந்தது. கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தன் வெப்சைட்டில் வேண்டுமென்றே இன்னொரு தட்டைச் சேர்த்தார்! 2001இல் மேன்முறையீட்டில் தடை நீங்கி, 2002இல் இரு பக்கமும் சமாதானமாகின. அப்பிள் மட்டும் 2000இலேயே காசு கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டது.

அப்படி என்ன பெரிய கண்டுபிடிப்பு? வந்தவரின் பிரவுசரில் ஓர் அடையாள எண் இருக்கும். அதை வைத்து அவருடைய விலாசத்தையும் கார்ட்டையும் சேர்வர், அதாவது வெப்சைட்டை ஓட்டுகிற கொம்பியூட்டர், எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துத் தேத்தண்ணிக்கடை முதலாளி என் தலையைக் கண்டதும் சீனி குறைத்த பிளேன்டீயை ஊற்றத் தொடங்கிவிடுவார். அவர் யாரிடம் அனுமதி வாங்கினார்?

ஓடர் செய்த புத்தகம் வந்துசேரச் சுணங்கியதில் கடுப்பான நியூசிலாந்து நடிகர் ஒருவர், இந்தப் பேட்டன்டை மறுபடி பரிசோதிக்கச் சொல்லி அமெரிக்க அலுவலகத்துக்கே மனுப் போட்டார். அதற்குப் பிறகு அதன் எல்லை கொஞ்சம் சுருங்கியது. எப்படியோ, 20 வருடக் கெடு முடிந்து 2017 செப்டம்பரில் காலாவதியாகிவிட்டது. அதோடு, அமெரிக்கப் பேட்டன்ட் அமெரிக்காவுக்குள்தான். இங்கே தனியாக எடுத்தால்தான் இங்கே செல்லும்.

ஆனாலும் ஒன்று. சேலை விலை இருக்கிற நிலைமையில், பிள்ளை போனை வைத்து விளையாடும்போது பொத்தானில் விரல் பட்டால்? ஓடரை இரத்துச் செய்யப் பத்து நிமிடமாவது கொடுங்கள்.

கேள்வி: பரீட்சை மண்டபங்களில் மாணவர்களை இருத்தும் ஒழுங்கைத் தானாகவே போடுகிற அல்காரிதம் ஒன்று எழுதியுள்ளேன். பேட்டன்ட் எடுக்கலாமா?
— மாணவி, வந்தாறுமூலை

கணித முறைக்கும், வியாபாரம் செய்யும் முறைக்கும், மனதால் மட்டும் செய்கிற செயலுக்கும் எங்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பேட்டன்ட் கொடுப்பதில்லை. சட்டத் தமிழில் அதற்கு ஆக்கவுரிமை என்று பெயர். நீங்கள் எழுதிய புரோகிராமுக்குப் பதிப்புரிமை உண்டு. பதியவே தேவையில்லை, உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் நிற்கும். ஆனால் அது எழுத்துக்குத்தான். அதே யோசனையை இன்னொருவர் தன் கையால் புதிதாக எழுதினால் தடுக்க முடியாது.

எனக்கு இது நல்லதாகவே படுகிறது. கிஃப் படத்தின் கதையைக் கேளுங்கள். 1987இல் கொம்பியூசேர்வ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வெளியிட்டபோது, உள்ளே படத்தைச் சுருக்குகிற முறைக்கு யுனிசிஸ் நிறுவனத்திடம் பேட்டன்ட் இருந்தது. உலகம் முழுவதும் கிஃப் பரவிய பிறகு, 1994 கடைசியில், அந்த முறையைப் பயன்படுத்தும் மென்பொருள் செய்கிறவர்கள் காசு கட்ட வேண்டும் என்று அறிவிப்பு. கோபம் கொண்ட புரோகிராமர்கள் ஒன்றுகூடிச் செய்ததுதான் பிஎன்ஜி என்ற பட வகை. உங்கள் அல்காரிதத்துக்குள்ளும் வரிசைப்படுத்துவது, தேடுவது என்று எத்தனை பேரின் வேலை இருக்கும்! ஒவ்வொருவரும் கையை நீட்டினால் நீங்கள் தொடங்கியே இருக்க மாட்டீர்கள்.

கேள்வி: என் கேக் வியாபாரம் முழுக்க வட்ஸ்அப்பில்தான். 2019இல் போல மறுபடி முடக்கினால் என்ன செய்வது? எப்படித்தான் முடக்குகிறார்கள்?
— ஒரு சகோதரி, காத்தான்குடி

என் மச்சாளும் ஆரையம்பதியில் கேக் செய்கிறவள். 2019க்கு முதல் வருடமும் இப்படித்தான், 2018 மார்ச் 7, புதன்கிழமை பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் நிறுத்தினார்கள். சனிக்கிழமைக்கு அவளிடம் ஒரு பிறந்தநாள் கேக். ஓடர் தந்தவர் கட்டாரில் வேலை செய்கிற தகப்பன். "மகளின் பெயரை எப்படி எழுதுவது என்று பிறகு அனுப்புகிறேன்" என்பதுதான் அவருடைய கடைசிச் செய்தி. ஐடிடியில், அதாவது வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பில், எடுத்துப் பார்த்தாள். ஆள் வேலையில், பதில் இல்லை. கடைசியில் "அன்பு மகளுக்கு" என்று மட்டும் ஐசிங்கில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த முடக்கம் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொன்னால், இணைய சேவை நிறுவனங்கள் இரண்டு வழியில் தடுக்கலாம். தளத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும் போனுக்கு விலாசத்தைக் கொடுக்காமல் விடலாம். அந்த விலாசத்துக்குப் போகிற தரவையே வழியில் கொட்டிவிடலாம். விபிஎன் போட்டால் தரவு மூடிய உறைக்குள் வேறு நாட்டுச் சேர்வர் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து உரிய இடத்துக்குப் போகும். 2022 ஏப்ரல் 3இல் முடக்கியபோது, அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்சவே தான் விபிஎன் பாவிப்பதாகவும், இப்படித் தடைபோடுவதில் பயனில்லை என்றும் ட்விட்டரில் எழுதினார். அந்தத் தடை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

வதந்தி ஆளைக் கொல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரச் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று கிளம்பிய பொய், கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்குவதில் போய் முடிந்தது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. சிங்களத்தில் எழுதிய வெறுப்பைக் கவனிக்காமல் விட்ட பேஸ்புக் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. எது பொய் என்று சொல்லும் வேலையை அது ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. எனக்கு அதைவிட, பகுப்பாய்வாளரின் அறிக்கை அன்றைக்கே மூன்று மொழியிலும் வெளிவருவதில்தான் நம்பிக்கை.

சரி, உங்கள் விஷயம். அந்த நாட்களில் சாதாரண வெப்சைட்டுகள் திறந்துதான் கிடந்தன. சொந்தப் பெயரில் ஒரு பக்கம் போடுங்கள்: கேக் படங்கள், விலை, தட்டினால் நேரே அழைப்புப் போகிற தொலைபேசி எண், ஓர் ஓடர்ப் படிவம். மச்சாளுக்கு நான் செய்து கொடுத்தது அவ்வளவுதான். வாடிக்கையாளரின் எண்களை ஒரு சி.ஆர். கொப்பியிலும் எழுதி வையுங்கள். அதை யாராலும் முடக்க முடியாது. கரப்பான் அரித்தால்தான் உண்டு.

கேள்வி: வெப்சைட் கட்டப் பேஸ்புக் செய்த ரியக்ட் இலவசம்தானே? லைசென்ஸை வாசிக்கத்தான் வேண்டுமா?
— ஃபிரீலான்சர், அக்கரைப்பற்று

வாசியுங்கள் தம்பி, ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. 2017 வரை ரியக்ட்டின் லைசென்ஸோடு ஒரு வால் இருந்தது: பேஸ்புக்கின் மேல் பேட்டன்ட் வழக்குப் போட்டால், ரியக்ட்டுக்கு உங்களுக்குத் தந்த பேட்டன்ட் அனுமதி போய்விடும். இலவச மென்பொருள் செய்கிற அப்பாச்சி அமைப்பு அதைத் தன் திட்டங்களில் சேர்க்கக்கூடாது என்றது. எதிர்ப்புக் கூடவே, 2017 செப்டம்பரில் அந்த வால் இல்லாத எம்ஐடி லைசென்ஸுக்கு மாற்றினார்கள். அதில் முக்கியமாகக் கேட்பது, எழுதியவரின் பதிப்புரிமை வரியை அழிக்காதே என்பதுதான். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் மேலாளர் அந்த வரிகளை அழிக்கச் சொன்னார், "கஸ்டமர் பார்த்தால் நாங்கள் செய்யவில்லை என்று நினைப்பார்" என்று. அழித்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் பாடசாலை அறிவித்தல்களை வெப்சைட்டில் போட்டிருக்கிறோம். கூகிளில் தேடினால் ஒன்றும் வருவதில்லையே?
— ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஏற்றியிருப்பீர்கள், டீச்சர். பாமினியில் "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரிவது, கொம்பியூட்டருக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கூகிள் பாவம் என்ன செய்யும்? எல்லாக் கொம்பியூட்டருக்கும் தமிழைத் தமிழாகவே காட்டுகிற யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மாற்றிய பிறகு ஒருதரம் வாசித்துப் பாருங்கள், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சில இடத்தில் இடம் மாறிக் கிடக்கும்.

கேள்வி: வயது 61, ஓய்வூதியக்காரன். வெப்சைட் எழுதப் பழகலாமா? காசு கட்டிப் படிக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், வெல்லாவெளி

தாராளமாகப் பழகலாம் ஐயா. வெப்பைச் செய்த சேர்ன் ஆய்வுகூடம் 1993 ஏப்ரல் 30இல் அதை எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிட்டது. அதே வருடம் அதற்குப் போட்டியாக, இணையத்தில் தகவல் தேடி வாசிக்க இருந்த கோஃபருக்கு மினசோட்டா பல்கலைக்கழகம் கட்டணம் கேட்டது. இன்றைக்குக் கோஃபரைத் தெரிந்த ஆள் எத்தனை பேர்? பிரவுசரில் எந்தப் பக்கத்திலும் வலது பக்கப் பொத்தானை அழுத்தி, மூலத்தைக் காட்டு என்று கேளுங்கள். எழுதியவரின் எச்ரிஎம்எல், அதாவது வெப்பக்கம் எழுதும் மொழி, முழுவதும் கண்முன் வரும். அதில் ஒரு சொல்லை நோட்பேடில் மாற்றித் திறந்து பாருங்கள். மறுகா, எங்கே சிக்கினது என்று எனக்கு எழுதுங்கள்.