எம்.பி. மதுவரிக்கு வாக்களித்தாரா? எங்கே பார்ப்பது?

கேள்வி: பினாங்கு, பிறையில் ஒரு மகளிர் அமைப்பில் இருக்கிறேன். கோயில் திருவிழாவில் பேசிய எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர், மதுவரி ஏறியபோதெல்லாம் ஆதரித்து வாக்களித்ததாகச் சொன்னார். இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சகோதரி, நீங்கள் தேடும் வாக்குப் பதிவு அநேகமாகக் கிடைக்காது. அதனால் அவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. நம் மலேசியாவில் மதுவரி ஏறும் வழியே வேறு.

1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி விகிதத்தை முடிவு செய்பவர் நிதியமைச்சர். அவருடைய உத்தரவு அரசாங்க வார்த்தாவில் (அரசிதழில்) வெளியானால் புது வரி நடப்புக்கு வந்துவிடும். 2016 மார்ச்சில் பியர் வரி, அதிலுள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்) என்று மாறியது. 5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 320 மில்லி டின்னில் சுத்த ஆல்கஹால் 16 மில்லி, அதற்கு வரி 2 வெள்ளி 80 சென். 2025 நவம்பர் 1 முதல் மதுபானக் கலால் வரி 10 விழுக்காடு கூடியது. அதே டின்னுக்கு இன்னும் 28 சென்.

உத்தரவை உறுதிப்படுத்தும் தீர்மானம் அப்புறம் மக்களவைக்கு வரும். ஆனால் அங்கே வழக்கமாக நடப்பது குரல் வாக்கெடுப்பு. யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாகாது.

பெயர் பதிவாக வேண்டுமானால் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று பெலா பஹாகியான், அதாவது பெயரோடு எண்ணும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும். 2020 நவம்பர் 26 அன்று, 2021 வரவு செலவுத் திட்டத்தின் கொள்கை நிலை விவாதம் முடிந்தபோது எழுந்தவர்கள் 13 பேர்தான். அதனால் அவ்வளவு பெரிய முடிவும் குரலிலேயே நிறைவேறியது. டிசம்பர் 15-இல் கடைசி வாசிப்பில் பெயரோடு எண்ணினார்கள்: ஆதரவு 111, எதிர்ப்பு 108. அந்தப் பட்டியல் நாடாளுமன்ற நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் இருக்கிறது. அதையும் மதுவரி வாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அரசாங்கச் செலவுக்கான மசோதா. மக்கள் பணம் தொடர்பான எல்லா வாக்கெடுப்பிலும் பெயர் பதிவு கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, வாக்கு இல்லையென்றால் எதைப் பார்ப்பது? அவர் பேசியதைப் பாருங்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் ‘பென்யாத்தா ரஸ்மி’ பகுதியில் நாள்வாரியாக ஹன்சார்ட் கிடைக்கும். வரவு செலவுத் திட்ட விவாதம் நடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நாள்களைத் திறந்து, கண்ட்ரோல்-எஃப் அழுத்தி அவர் தொகுதியின் பெயரைத் தேடுங்கள், ஏனென்றால் உறுப்பினர் பெயருக்குப் பக்கத்திலேயே தொகுதிப் பெயரும் வரும். பிறகு ‘டூத்தி எக்சைஸ்’ (duti eksais, கலால் வரி), ‘மினுமான் கெராஸ்’ (minuman keras, மதுபானம்), ‘சம்சு’ (samsu, மலிவுச் சாராயம்) என்று மலாயில் தேடிப் பாருங்கள். கேள்வி நேரத்தில் கேட்டவையும் எழுத்துப்பூர்வ பதில்களும் அதே இணையத்தளத்தில் உண்டு. என்னைக் கேட்டால், கேள்விகள்தான் முக்கியம். வரி ஏறட்டும் என்று கைதட்டுவது சுலபம். வரியே கட்டாமல் கடத்தி வரும் மலிவு மதுவைப் பற்றி சுங்கத் துறையிடம் கேள்வி எழுப்பியிருக்கிறாரா? நம் குடும்பங்களை அதிகம் அழிப்பது அந்த மலிவுச் சரக்குதான்.

சட்டமன்ற உறுப்பினரை இதில் இழுக்க வேண்டாம். கலால் வரி கூட்டரசின் அதிகாரம், பினாங்கு சட்டமன்றம் அதைத் தொட முடியாது.

எம்.பி.யின் சேவை மையத்துக்கு இரண்டு வரியில் கடிதம் கொடுங்கள்: எந்தத் தேதியில், எந்த மசோதா அல்லது தீர்மானத்துக்கு வாக்களித்தீர்கள்? தேதி கிடைத்தால் அன்றைய ஹன்சார்டை நீங்களே திறந்து பார்த்துவிடலாம்.