பேத்தியின் பாலிகன்

கேள்வி: மேரிலாந்தில் இருக்கும் என் மகளுக்கு, எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கும் பள்ளி எல்லையை மாற்றப் போவதாகவும் பெற்றோர் கருத்துச் சொல்லலாம் என்றும் கடிதம் வந்திருக்கிறது. நல்ல பள்ளியாக விசாரித்துத்தான் கடன் போட்டு அங்கே வீடு வாங்கினார்கள். இப்போது பேத்தியை வேறு பள்ளிக்கு மாற்றினால் அநியாயம் இல்லையா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எல்லை என்ற சொல்லைப் படித்ததும் எங்கள் கிணற்று மேடுதான் கண்முன் வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. சர்வேயர் வந்தார், சங்கிலி இழுத்தார், கல்லை ஒரு முழம் தள்ளி நட்டார், எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றோடு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்றது. நானும் பெரியப்பா மகனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. யாருக்குக் காய்ச்சல், எந்தப் பசு கன்று போட்டது என்பதெல்லாம் எங்கள் வழியாகத்தான் இரண்டு வீட்டுக்கும் தெரியும். அந்தப் பெஞ்சுக்கு நடுவிலும் ஒரு கல்லை நட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

சரி, மேரிலாந்துக்கு வருகிறேன். அங்கே ஹோவர்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கொலம்பியா என்றொரு ஊர். ஜேம்ஸ் ரௌஸ் என்ற கட்டுமானக்காரர் 1967இல் உருவாக்கியது. எல்லா நிறத்தவரும், பணம் உள்ளவரும் இல்லாதவரும் அக்கம்பக்கமாக வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டுக்கு வீடு தபால் பெட்டி வைக்காமல் தெருவில் பல வீட்டுப் பெட்டிகளை ஒரே இடத்தில் வைத்தார். கடிதம் எடுக்க வருகிறவர்கள் நின்று நாலு வார்த்தை பேசட்டும் என்றுதான். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

அந்தக் கவுண்டியில்தான் 2019இல் பெரிய சண்டை. சில பள்ளிகளில் இடம் போதவில்லை, சில பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் மட்டும் குவிந்துவிட்டார்கள். வைல்ட் லேக் உயர்நிலைப் பள்ளியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இலவச அல்லது சலுகை விலைச் சாப்பாட்டுக்குத் தகுதியானவர்கள். அதே கவுண்டியின் ரிவர் ஹில்லில் அது பத்துக்கும் கீழே. இரண்டுக்கும் ஒரே கல்வி வாரியம்தான். கவுண்டிப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் ஏறத்தாழ 7,400 பிள்ளைகளைப் பள்ளி மாற்றத் திட்டம் வைத்தார். ஊரைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எண் போட்டிருக்கிறார்கள். ஒரு துண்டுக்கு பாலிகன் என்று பெயர். எந்தப் பாலிகன் எந்தப் பள்ளிக்கு என்பதில்தான் அடிதடியே. "நாகரிகத்தைத் தேர்ந்தெடுப்போம்" என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிற ஊர் அது. அங்கே ஊர்வலம் போனார்கள், இரவு இரவாகக் கருத்துக் கேட்பு நடந்தது, நிறத்தையும் வறுமையையும் பச்சையாகப் பழித்து வந்த கடிதங்களும் உண்டு. எதிர்த்தவர்களில் வெள்ளையரோடு ஆசியக் குடும்பங்களும் இருந்தார்கள். நவம்பரில் வாரியம் ஓட்டுப் போட்டு முடித்தபோது மாற வேண்டியிருந்தவர்கள் சுமார் 5,400 பேர்.

எதிர்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, "பக்கத்துப் பள்ளி எங்கள் உரிமை" என்பது. கான்சாஸ் மாநிலம் டொப்பீகாவில் லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமியின் அப்பா கேட்டதும் அதையேதான். நடந்து போகிற தூரத்தில் வெள்ளையர் பள்ளி இருக்க, அவள் ரயில் தண்டவாளங்களைத் தாண்டிப் போய் பஸ் பிடித்தாள். 1954இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பது செல்லாது என்றது. அன்று கதவைத் திறக்கக் கேட்ட வார்த்தையை வைத்தே இன்று கதவைச் சாத்துகிறார்களே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

கருத்துக் கேட்பு கட்டாயம் வேண்டும். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மைக் முன்னால் யார் வந்து நிற்கிறார்கள்? வீட்டு விலை இறங்கிவிடும் என்று பயந்தவர் வருவார். இரவு ஷிஃப்டில் ஆஸ்பத்திரி தரை துடைக்கிற தாய் வரமாட்டாள். ஆங்கிலத்தில் எழுந்து நின்று பேசத் தயங்குகிறவரும் வரமாட்டார். வராதவர் வீட்டுக்கு வாரியம் போக வேண்டும், அவர்கள் மொழியில் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் "ஊர் கருத்தைக் கேட்டோம்" என்று எழுதி வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அம்மா, உங்கள் பேத்தியின் கவலை உண்மையானது. தோழிகளைப் பிரிவதும், விடிவதற்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்பதும் பிள்ளைக்குக் கஷ்டம்தான். உங்கள் மகள் அதையெல்லாம் தயங்காமல் எழுதட்டும். தோழிகளை ஒன்றாக மாற்ற முடியுமா, மேல் வகுப்பில் இருப்பவர்களை அங்கேயே முடிக்க விடுவீர்களா என்று கேட்கட்டும். வீட்டுக் கடனை மட்டும் அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். அனுப்புவதற்கு முன்னால் புதுப் பள்ளிக்கு ஒரு நாள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மாவிடம் பேசி, அவர் என்ன நினைக்கிறார் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.