அச்சம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 24. ஊர் காவேரிப்பட்டினம். கல்லூரி நாட்களில் தொடங்கிய பட்டினியால் 11 கிலோ குறைந்தேன், மாதவிலக்கும் நின்றுவிட்டது. மருத்துவர் அறிவுரைப்படி இப்போது மூன்று வேளையும் உண்ணத் தொடங்கியிருக்கிறேன். இரண்டே வாரத்தில் 3 கிலோ ஏறிவிட்டது. வயிறு உப்பிக் கிடக்கிறது. தினமும் காலையில் எடை பார்த்துவிட்டு அழுகிறேன். அம்மா வைக்கும் களி உருண்டையில் பாதியை யாரும் பார்க்காதபோது கழுநீர்த் தொட்டியில் போட்டுவிடுகிறேன். இந்த எடை எங்கே போய் நிற்கும்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஏறிய 3 கிலோவையும் கொழுப்பு என்று எண்ணித்தான் அழுகிறீர்கள். அதில் பெரும்பகுதி நீராகவே இருக்கும். நம் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்ந்து தங்குகிறது. பட்டினியில் வற்றிப்போன இந்தச் சேமிப்பு, சாப்பிடத் தொடங்கியதும் முதலில் நிரம்புகிறது. நெடுநாள் குறைவாக உண்டதால் இரைப்பையின் வேகமும் தளர்ந்துவிடும். உண்டது மெதுவாக இறங்குவதால்தான் அந்த உப்பல். வேளை தவறாமல் உண்டுவந்தால்தான் அது சரியாகும். ஆனால் கால் வீக்கம், படபடப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நெடும்பட்டினிக்குப் பின் உணவு கூடும்போது இரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற உப்புகள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும்.

எங்கே போய் நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், உடல்நலம் மிக்க 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு மட்டுமே கொடுத்து ஆராய்ந்தார்கள். உடல் எடையில் கால் பங்கை இழந்த அவர்கள், நாளெல்லாம் உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள், சிறு குளிரும் தாங்காமல் நடுங்கினார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்கள். மீண்டும் தாராளமாக உணவு கிடைத்தபோது எவ்வளவு உண்டும் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை; எடை பழைய அளவையும் தாண்டியது. பிறகு, அடுத்த சில மாதங்களில், பெரும்பாலும் பழைய நிலையை ஒட்டி வந்து நின்றது. உங்கள் எடை எந்த எண்ணில் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும் என்று உங்கள் அச்சம் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

முதலில் அச்சம் தீரட்டும், பிறகு வயிறாரச் சாப்பிடலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்து மீண்டவர்களை நான் கண்டதில்லை. அச்சம் இருக்கும்போதே உண்ண வேண்டும். உண்ட பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இன்று இரவு அம்மாவின் பக்கத்திலேயே உட்காருங்கள். களி சூடாக இருக்கும்போதே நடுவில் குழித்து, கீரைக் கடைசலை ஊற்றி, விள்ளல் விள்ளலாக முழு உருண்டையையும் உண்டு முடியுங்கள். அடுத்த அரை மணி நேரம் மனம் அடித்துக்கொள்ளும். அப்போது எழுந்து மாடிப்படி ஏறி இறங்காமல், அம்மாவோடு எதையாவது பேசிக்கொண்டிருங்கள். சில நாட்கள் பழகியபின், தோட்டத்து மாம்பழம் போல நீங்கள் ஒதுக்கிவைத்த உணவுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் கருவியை இன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள். எடையை மருத்துவமனையில் பார்த்தால் போதும். எடை எவ்வளவு என்பதை மருத்துவர் மட்டும் பார்க்கட்டும்.

விசேஷ வீடுகளில் அத்தைமாரும் சித்திமாரும் "பூசினாற்போல ஆயிட்டியே" என்பார்கள். அவர்கள் அன்பாகச் சொல்வதுதான் என்றாலும், உங்கள் நிலையில் அது குத்தும். உடம்பைப் பற்றிய பேச்சு வேண்டாம் என்று அம்மாவே அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது. அதற்கு முதலில் கழுநீர்த் தொட்டி விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். வாய்விட்டுச் சொல்ல இயலாவிட்டால் இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

மாதவிலக்கு நின்றிருக்கும் காலத்தில் எலும்பின் வலுவும் குறையும் என்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மனநல மருத்துவரையும் பார்ப்பது அவசியம். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற 'டெலி மானஸ்' அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.