உறைந்த மலைகள் ஏன் உதிர்கின்றன? பாறைச்சரிவு பற்றிய கேள்வி பதில்

ஆல்ப்ஸ், இமயமலை போன்ற உயர்ந்த மலைகளில் பாறைகள் பெயர்ந்து விழும் செய்திகளைப் படித்துவிட்டுப் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: காற்றின் வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி ஏறினால் பாறைக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

பாறைக்கு ஒன்றும் ஆகாது. அதன் விரிசல்களுக்குள் இருக்கும் பனிக்கட்டிக்குத்தான் ஆகும். மலை முழுக்க ஒரே கல் என்று நினைக்காதீர்கள். உள்ளே எல்லாத் திசையிலும் விரிசல் ஓடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே இருக்கும் நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறோம். ஆல்ப்ஸில் வெயில் படாத வடக்குச் சரிவுகளில் சுமார் 2,500 மீட்டர் உயரத்திலிருந்தே இது இருக்கலாம். தெற்குச் சரிவில் இன்னும் பல நூறு மீட்டர் ஏற வேண்டும். அந்த உயரத்தில், ஒரு கல்லை இன்னொரு கல்லோடு பிடித்து வைத்திருப்பதில் பனிக்கட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

2003 கோடையில் ஐரோப்பாவைக் கடும் வெப்ப அலை தாக்கியது. அந்த ஜூலையில் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்துக்கு ஏறும் ஹோர்ன்லி முகட்டில் பாறை பெயர்ந்தது. மேலே இருந்த மலையேறிகளை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியதாயிற்று. பாறை விழுந்த இடத்தில் பளபளவென்று பனிக்கட்டி தெரிந்தது. அதுவரை உள்ளே மூடிக் கிடந்த பனி அது. இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் பேசும் சரிவு இது.

கேள்வி: பனி பூஜ்ஜியத்தில்தானே உருகும்? உள்ளே மைனஸ் 2 இருந்தால் கவலையில்லை, சரிதானே?

இல்லை. நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் கட்டி விரலில் ஒட்டும். சற்று நேரம் கழித்துத் தொட்டால் வழுக்கும், ஆனால் இன்னும் கட்டியாகத்தான் இருக்கும். விரிசலுக்குள்ளும் அதே கதை. வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க பனிக்கட்டி இளகி, பாறையோடு இருந்த பிடியும் தளர்கிறது.

ஆய்வகத்தில் மாதிரிச் சரிவு செய்து பார்த்திருக்கிறார்கள். விரிசலில் பனி சுமார் மைனஸ் 1.5-க்கும் பூஜ்ஜியத்துக்கும் இடையே இருக்கும்போது, பனியே இல்லாத சரிவைவிடவும் அந்தச் சரிவு பலவீனமாகிவிடுகிறது. அதனால் முழுதாக உருகும் வரை காத்திருந்து ஆபத்து வருவதில்லை. "இன்னும் உறைந்துதானே இருக்கிறது" என்று சொல்லும் நாட்களிலேயே வந்துவிடுகிறது.

கேள்வி: மேடம், தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிந்து பாறையை உடைக்கும் என்று பள்ளியில் படித்தோம். அதுதானே காரணம்?

அதுவும் நடக்கும், ஆனால் மேற்பரப்பை ஒட்டி. அப்படி உதிர்பவை பெரும்பாலும் சிறிய கற்கள். ஆழத்தில் வேறொன்று நடக்கிறது. மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரையிலான நிலையில், நுண்துளைகளில் உறையாமல் மிச்சமிருக்கும் நீரைப் பனிக்கட்டி தன் பக்கம் இழுத்துக்கொண்டு மெல்ல வளர்கிறது. ஆண்டுக்கணக்கில் விரிசலை அகலப்படுத்துகிறது. ஆக, பனி தான் பிடித்து வைத்திருக்கும் பாறையையே பிளந்துகொண்டும் இருக்கிறது. பிடி தளரும் நாளில் அந்தப் பிளவு தயாராக இருக்கும்.

கேள்வி: 2021-இல் உத்தராகண்டின் சமோலியில் பிப்ரவரியில் பாறை விழுந்தது. குளிர்காலத்தில் எப்படி?

நல்ல கேள்வி. வெப்பம் பாறைக்குள் இறங்க நேரம் பிடிக்கும். மேற்பரப்பின் கோடை வெப்பம் 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அரை ஆண்டு ஆகும். அதாவது வெளியே கடுங்குளிர் அடிக்கும்போது அங்கே "கோடை". இன்னும் ஆழத்தில் பருவங்களே தெரியாது; பல பத்தாண்டுகளின் சராசரி ஏற்றம்தான் தெரியும். அதனால் மேலோட்டமான சரிவுகள் கோடையோடு ஒட்டி வரும், பெரிய சரிவுகளுக்கு நாட்காட்டி கிடையாது. சுவிட்சர்லாந்தின் பிட்ஸோ செங்காலோவில் 2011-இல் ஒரு பெரிய சரிவு நடந்ததும் டிசம்பர் மாதத்தில்தான்.

சமோலியில் ரோந்தி சிகரத்தின் பக்கவாட்டிலிருந்து பாறையும் பனியுமாகச் சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பெயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. விழுந்த உயரமும் உராய்வும் சேர்ந்து பனியை உருக்கிவிட, அது சேறும் கல்லுமான வெள்ளமாக மாறி ரிஷிகங்கா, தபோவன் நீர்மின் திட்டங்களை அடித்துக்கொண்டு போனது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். முதலில் எல்லோரும் பனி ஏரி உடைந்தது என்றே நினைத்தார்கள்.

கேள்வி: அப்படியென்றால் இப்போது விழும் ஒவ்வொரு பாறைக்கும் காலநிலை மாற்றம்தான் காரணமா?

அப்படிச் சொல்ல மாட்டேன், சொல்பவர்களையும் நம்ப மாட்டேன். மலைகள் எப்போதும் உதிர்ந்துகொண்டுதான் இருந்தன. விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பாறை என்ன வகை, மழை எவ்வளவு பெய்தது, நிலநடுக்கம் வந்ததா என்று நிறையக் கணக்கு இருக்கிறது. அடிவாரத்தில் முட்டுக்கொடுத்திருந்த பனியாறு சுருங்கிவிட்டதும் ஒரு காரணம். ஒரு தனி நிகழ்வைக் காட்டி "இது வெப்பமயமாதலால்" என்று முத்திரை குத்துவது கடினம்.

ஆனால் மொத்தமாகப் பார்த்தால் படம் தெளிவு. ஆல்ப்ஸின் மான் பிளாங்க் மலைத்தொடரில் 2003, 2015 ஆகிய இரண்டு வெப்பக் கோடைகளிலும் பாறைச்சரிவுகள் சாதாரண ஆண்டுகளைவிட மிக அதிகம். அதே தொடரில் 2005-இல், ட்ரு சிகரத்தில் மலையேறிகளிடையே புகழ்பெற்ற பொனாட்டித் தூண் முழுவதுமாக இடிந்தது, இரண்டரை லட்சம் கன மீட்டருக்கு மேல். 2023 ஜூனில் ஆஸ்திரிய எல்லையில் ஃப்ளுக்ட்ஹார்ன் மலையின் ஓர் உச்சியே சரிந்து, அதன் மேல் நட்டிருந்த சிலுவையோடு கீழே போனது.

கேள்வி: கூர்மையான சிகரங்கள் மட்டும் ஏன் அதிகம் உதிர்கின்றன?

இரண்டு பக்கமும் வெப்பம் நுழைகிறது, அவ்வளவுதான். தட்டையான நிலத்தில் மேலிருந்து மட்டும் வரும். தவிர, செங்குத்துச் சுவரில் பனிப்பொழிவு தங்காததால் வெப்பத்தைத் தடுக்கும் போர்வையும் இல்லை.

கேள்வி: முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

சில இடங்களில் முடியும். மேட்டர்ஹார்னில் விரிசல்களுக்குக் குறுக்கே அளவிகள் பொருத்தி 2008 முதல் கவனிக்கிறார்கள். குளிர்காலத்தில் பாறை சுருங்குவதால் விரிசல் அகலும், கோடையில் மூடும். அது இயல்பு. கோடையில் மூட வேண்டியது மூடாமல், மேலும் நகர ஆரம்பித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

2025-இல் சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்துக்கு மேலே இருந்த சிறு சிகரம் துண்டு துண்டாகப் பனியாற்றின் மீது விழத் தொடங்கியது. கவனித்துக்கொண்டே இருந்ததால் சுமார் 300 பேரை முன்பே வெளியேற்றிவிட்டார்கள். மே 28 அன்று அந்தச் சுமை தாங்காமல் பனியாறே சரிந்து கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்தது. ஒருவர் இறந்தார், கிராமத்தினர் மற்ற அனைவரும் தப்பினார்கள். ஆனால் இது கண்காணிப்பில் இருந்த மலை. கருவியே இல்லாத ஆயிரக்கணக்கான மலைச்சரிவுகள் இமயமலையிலும் ஆண்டிஸிலும் இருக்கின்றன. உண்மையான பிரச்சினை அங்கேதான்.

கேள்வி: கம்பி, வலை, கான்கிரீட் போட்டு நிறுத்த முடியாதா?

கேபிள் கார் நிலையம், மலைக்குடில் போன்றவற்றின் அடித்தளத்தைக் கம்பி இறக்கிக் காப்பாற்றுகிறார்கள். கீழே சாலைக்கு மேல் வலையும் தடுப்புச் சுவரும் பயன்படும். பத்து லட்சம் கன மீட்டர் புறப்பட்டுவிட்டால் வலை எதற்கு? ஆளை விலக்குவதுதான் ஒரே வழி.

கேள்வி: எல்லாப் பனியும் உருகிவிட்டால் சரிவும் நின்றுவிடும் அல்லவா?

ஒரு குறிப்பிட்ட சரிவில், ஆம், என்றாவது ஒருநாள் நிதானத்துக்கு வரும். ஆனால் நூறு மீட்டர் ஆழத்துக்கு வெப்பம் போய்ச் சேரவே நூற்றாண்டுக் கணக்கு. பனி உருகவும் கூடுதல் வெப்பம் தேவை, அது இன்னும் தாமதப்படுத்தும். அதற்குள் ஆபத்தான மண்டலம் இன்னும் உயரத்துக்கு ஏறிப்போயிருக்கும்.

கேள்வி: அக்கா, அடுத்த கோடையில் ஆல்ப்ஸ் ஏறப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

இரவு உறைந்ததா என்று பாருங்கள். உறையவில்லையென்றால் பாறைச் சுவர்களை ஒட்டிய பாதையை விட்டுவிடுங்கள். உறைந்திருந்தாலும் விடியும் முன் கிளம்பி, வெயில் சுவரில் படுவதற்குள் கடந்துவிடுங்கள். சிறு கற்கள் தொடர்ந்து உதிர்ந்தால், புதிதாக ஈரக் கறை தெரிந்தால், படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் திரும்பிவிடுங்கள். 2022 ஆகஸ்டில் மான் பிளாங்க் பாதையிலிருந்த குடில்களையே மூடிவிட்டார்கள். அப்படி மூடினால் வழிகாட்டியிடம் பேரம் பேச வேண்டாம்.