காற்றுச் செடி ஏன் அழுகுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கண்ணாடிக் குடுவையில் கூழாங்கல் பரப்பி மூன்று காற்றுச் செடிகள் வைத்திருக்கிறேன். தினமும் இரு வேளை தண்ணீர் தெளிக்கிறேன். நேற்று ஒன்றைத் தூக்கியதும் நடு இலைகள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. அடி கறுத்திருக்கிறது. தண்ணீர் போதவில்லையா? – வாசகி, பொங்கோல்

தண்ணீர் போதாமல் இல்லை. நனைந்த செடி காயவே இல்லை, அதனால்தான் அழுகியது. சிங்கப்பூரில் காற்றுச் செடிகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன.

காற்றுச் செடி எனப்படும் தில்லான்சியா, அன்னாசிக் குடும்பத்துச் செடி. காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்வது. வேர் பிடிமானத்துக்கு மட்டும்தான். இலைமேல் வெண்பொடி போலத் தெரியும் நுண்செதில்களே நீரை உறிஞ்சுகின்றன. நனைந்ததும் அவை இலையோடு படிந்துவிடும். இலை ஈரமாக இருக்கும்வரை செடிக்கு மூச்சு முட்டும். அதன் இலைத்துளைகள் இரவில்தான் திறக்கும் என்பதால், மாலையில் நனைப்பது இன்னும் மோசம். நம் ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும். அதில் குடுவையும் ஈரக் கூழாங்கல்லும் சேர்ந்தால் அடி எப்படிக் காயும்?

நடுக்குருத்து கழன்ற செடி பிழைக்காது. பக்கத்தில் பச்சையாகக் கன்று ஏதும் இருந்தால் மட்டும் அதைப் பிரித்தெடுங்கள். மற்ற இரண்டையும் இன்றே குடுவையிலிருந்து எடுத்து, கறுத்த வெளியிலைகளை உரித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் நனைக்காமல் காற்றில் விடுங்கள்.

பிறகு தெளிப்பானை ஓரம்கட்டுங்கள். வாரம் ஒருமுறை, காலையில், ஒரு கிண்ணத் தண்ணீரில் 20 நிமிடம் முழுக்க ஊறவையுங்கள். எடுத்துத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். ஒரு துண்டின்மேல் அப்படியே கவிழ்த்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் காய்ந்தாக வேண்டும். காய்ந்ததா என்பதை இலை நுனியைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள். டிஷ்யூ தாளைத் திரித்து இலைகள் கூடும் அடிக்குள் விட்டுப் பாருங்கள். தாள் நனைந்தால் இன்னும் காயவில்லை. இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறையென்றால் வாரம் இருமுறை ஊறவைக்கலாம். இலை நீளவாக்கில் குழல்போல் சுருண்டால் செடிக்குத் தாகம் என்று பொருள்.

ஊறவைத்த தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி வீட்டுக்கு வந்து அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும் நிலை வேண்டாமே.

கேள்வி: என்னிடம் பல்போசா, செரோகிராஃபிகா என்ற இருவகைக் காற்றுச் செடிகளும் உண்டு. இரண்டையும் ஒரே மாதிரி ஊறவைக்கலாமா? – வாசகர், ஈசூன்

கூடாது. பல்போசாவின் வெங்காயம் போன்ற அடிப்பகுதி உள்ளே பொள்ளல். இயற்கையில் அதற்குள் எறும்புகள் குடியிருக்கும். உள்ளே புகுந்த நீர் எளிதில் வெளியே வராது. ஆகவே தலைகீழாகப் பிடித்து இலைகளை மட்டும் முக்கி எடுங்கள். சாம்பல் நிறச் செரோகிராஃபிகா வறண்ட பகுதிச் செடி. ஊறவைக்கவே வேண்டாம், முக்கி எடுத்து இலை இடுக்குகளில் நீர் தங்காமல் உதறினால் போதும். வெளிச்சம் மட்டும் அதற்குக் கூடுதலாக வேண்டும்.

கேள்வி: என் அயோனாந்தா வகைக் காற்றுச் செடி சிவந்து, ஊதாப் பூ பூத்தது. இப்போது வாடுகிறது. என்ன தவறு? – வாசகி, தெம்பனிஸ்

தவறு எதுவுமில்லை. குலை தள்ளிய வாழை போலத்தான்: ஒரு செடி ஒருமுறைதான் பூக்கும். பிறகு அடியில் கன்றுகள் விட்டு, மெல்ல மெல்ல வாடும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தாய்ச்செடியைத் தூக்கிப் போடாதீர்கள். கன்றுக்கு ஊட்டம் அங்கிருந்துதான் போகிறது. தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்தபின் பிரிக்கலாம். பிரிக்காமல் விட்டால் கொத்தாகச் சேரும், பார்க்க அதுவே அழகு.

கேள்வி: ஏர்கானிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமானதுதானே, அதை ஊற்றலாமா? உரம் வேண்டுமா? – வாசகர், ஜூரோங்

வேண்டாம். ஏர்கான் சுருளில் செம்புக் குழாய் இருக்கிறது. செம்பு இந்தச் செடிகளுக்கு நஞ்சு; சிறிதளவு கலந்தாலும் ஆபத்து. குழாய்த் தண்ணீரே போதும், மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. உரம் கட்டாயமில்லை. போடுவதானால் ஆர்க்கிட் உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து மாதம் ஒருமுறை. அதற்கு மேல் போட்டால் இலை நுனி கருகும். செடியைத் தொங்கவிடவும் செம்புக் கம்பி கட்டாதீர்கள், தூண்டில் நரம்பு போதும்.